இரண்டாம் ஊதல்

எங்கள் பஸ் டிப்போவில் காலையில், குடித்திருக்கிறோமா என்று காட்டும் மூச்சுக் கருவியில் முதலில் ஊதுகிறவர் ஓட்டுநர் அல்ல, மேற்பார்வையாளர். டூட்டி அறையின் ஜன்னலைத் திறப்பார், கருவியை எடுப்பார், புதுக் குழாய் மாட்டுவார், வரிசையில் நிற்கும் ஓட்டுநர்கள் எல்லோரும் பார்க்க நெஞ்சு நிறைய மூச்சிழுத்து ஊதுவார். கருவி ஒரு நொடி யோசித்துவிட்டுப் பச்சை விளக்கைப் போடும். "சைபர்" என்று பள்ளிக்கூடத்தில் வருகை சொல்வது மாதிரி சத்தமாகச் சொல்வார். அதன் பிறகுதான் மற்றவர்கள் முறை.

மேற்பார்வையாளர் ஊத வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. "நான் ஊதாத மெஷின்ல என் ஆளுங்க எதுக்கு ஊதணும்?" என்று அவராக ஆரம்பித்தது. எட்டு வருடமாக ஒரு நாள் தவறியதில்லை, காய்ச்சலில் கூட. அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் சைபர். நேரில் சார். நானும் இதில் சைபர் என்றே எழுதப்போகிறேன். இப்போதெல்லாம் அவர் இதற்குக் கோபப்பட மாட்டார். முன்பு என்றால் என்னை ஒரு வாரம் பார்வையாலேயே வறுத்திருப்பார்.

அவருக்குப் பக்கத்து மேசை என்னுடையது. யாருக்கு எந்த பஸ், எந்தத் தடம் என்று எழுதுகிறவள். ஓட்டுநர்கள் என்னை டூட்டி அக்கா என்பார்கள், என்னைவிட மூத்தவர்கள் உட்பட. ஊதல் பதிவேடும் என் கையில்தான். பெயர், நேரம், முதல் ஊதல், இரண்டாம் ஊதல், கையெழுத்து என்று ஐந்து கட்டங்கள். முதல் ஊதலில் சிவப்பு விழுந்தால் ஆளை வாய் கொப்பளிக்கச் சொல்லி, பதினைந்து நிமிடம் பெஞ்சில் உட்கார வைத்து, மறுபடி ஊதச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அப்போதுதான் குடித்த இருமல் மருந்துகூட வாயில் தங்கிச் சிவப்பு காட்டிவிடும். அது கால் மணி நேரத்தில் போய்விடும். உடம்பில் ஏறிய சாராயம் அப்படிப் போகாது. இது விதி. அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஆனால் எங்கள் பதிவேட்டில் இரண்டாம் ஊதல் கட்டத்தில் எட்டு வருடமாக வெறும் கோடுதான். நான் போட்ட கோடுகள்.

சைபரின் நிர்வாகத்தில் சிவப்பு என்றால் வீட்டுக்குப் போ. வெட்டு ஒன்று துண்டு இரண்டு. யாராவது சாக்குச் சொன்னால் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இந்தச் சாக்கு எல்லாம் நான் சொல்லி முடிச்சது" என்பார். உண்மைதான். அவர் ஒரு காலத்தில் மொடாக்குடியர்.

அவர் ஓட்டுநராக இருந்தபோது நடந்த கதை டிப்போவில் எல்லோருக்கும் தெரியும், அவரே சொல்லியிருக்கிறார். முந்தைய நாள் குடித்தது இறங்காமல் ஒரு காலை பஸ்ஸை எடுத்திருக்கிறார். முப்பத்திரண்டு பயணிகள். மூன்றாவது நிறுத்தத்தில் திரும்ப வேண்டியவர் திரும்பாமல் நேராகப் போய், ஒரு ஆஸ்பத்திரி வாசலில் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, ஸ்டீரிங் மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டார். பயணிகள் கத்தியும் எழவில்லை. பின்னால் வந்த பஸ்ஸின் ஓட்டுநர் இறங்கி வந்து, இவரைத் தூக்கிப் பக்கத்தில் போட்டு, பஸ்ஸை ஓரமாக விட்டு, ஆபீசுக்குப் போன் செய்து "திடீர்னு மயக்கம்" என்று சொல்லிக் காப்பாற்றினார். அந்த ஓட்டுநருக்கு எங்கள் டிப்போவில் பெயர் நெட்டை. கதவில் குனியாமல் நுழைய முடியாத உயரம். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்கிறவர்கள், ஒரே பாட்டிலில் குடித்தவர்களும்தான்.

அன்று மாலை நெட்டை அவரிடம் சொன்னாராம்: "நீ விட்டுடு மச்சான். நானும் விட்டுடறேன். தனியா விட்டா உனக்கு போரடிக்கும்."

பதிமூன்று வருடத்துக்கு முன்னால் அப்படித்தான் இருவரும் விட்டார்கள். சைபர், நானும் போகிற கிறிஸ்தவ சபைக்கு வந்து, முழங்கால் போட்டு அழுது, குடியை விட்டார். நெட்டைக்குச் சபையும் கிடையாது, அழுகையும் கிடையாது. பாதி இருந்த பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

விட்ட பிறகு சைபர் ஏணி வைத்தது மாதிரி ஏறினார். மேற்பார்வையாளர் ஆனார். சபையில் போதகருக்கு அடுத்த பொறுப்பான மூப்பர் ஆனார். அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் திருவிருந்து அன்று போதகர் பக்கத்தில் நின்று அப்பத் தட்டைப் பிடிப்பார். எங்கள் போதகருக்கு இவர் கதை தெரியும் என்பதால் இவருக்கு அப்பம் மட்டும் கொடுத்துவிட்டுக் கிண்ணத்தைத் தாண்டி விடுவார். கிண்ணத்தில் மிஞ்சும் ரசத்தைப் போதகரே குடித்து முடிப்பார். சபைக்கு இது தெரியாது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனிக்கும் கெட்ட பழக்கம் உள்ள எனக்குத் தெரியும்.

ஏறினாரே தவிர, மேலே அவரோடு யாரும் இல்லை. குடித்த காலத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போன மனைவி, விட்ட பிறகு திரும்பி வந்தார், ஒன்றரை வருடம் இருந்தார், மறுபடி போய்விட்டார். ஒருமுறை சபை வாசலில் நான் வாய் அடங்காமல் கேட்டுவிட்டேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "குடிக்கிறப்ப ராத்திரி மட்டும்தான் சண்டை. விட்டப்புறம் நாள் பூரா." விளக்கு ஏன் எரிகிறது, மகள் ஏன் ஐந்து நிமிடம் தாமதம், பால் ஏன் பொங்கியது என்று விசாரணை. தன்னைப் பிடித்த பிடி போதாதென்று வீட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறார். இப்போது மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். ஞாயிறு மதியம் போன் செய்வாள். ஆறு நிமிடம். அவர் மேசைமேல் போனை வைத்துக்கொண்டு பன்னிரண்டு மணியிலிருந்தே உட்கார்ந்திருப்பார்.

டிப்போவிலும் அதே கதை. ஊதச் சொல்கிறவன் ஊதுகிறவர்களோடு உட்கார்ந்து டீ குடிக்கக் கூடாது என்று அவருக்கு ஒரு கொள்கை. டிபன் பெட்டியை மேசை இழுப்பறையில் வைத்து, இழுப்பறையைப் பாதி திறந்து, குனிந்தபடியே சாப்பிடுவார். நான் பக்கத்தில்தான் இருப்பேன். ஒருநாளும் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டதில்லை. நெட்டை மட்டும் எதையும் மதிக்கவில்லை. தினமும் காலையில் தன் பிளாஸ்க்கிலிருந்து ஒரு டம்ளர் டீயை ஊற்றி ஜன்னல் விளிம்பில் வைப்பார். "ஆறிடும் மச்சான்" என்பார். சைபர் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். வரிசை கலைந்த பிறகு, ஆறிய டீயை எடுத்துக் குடிப்பார். ஒரு நாளில் வேறு ஒரு மனிதர் அவருக்குச் செய்தது அது ஒன்றுதான்.

நெட்டை ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தபோது, ஒரு காலையில் அவருக்குச் சிவப்பு விழுந்தது.

நெட்டை சட்டைப் பையிலிருந்து இருமல் மருந்து பாட்டிலை எடுத்து ஜன்னலில் வைத்தார். "இப்பத்தான் வாசல்கிட்ட ஒரு மூடி குடிச்சேன். நேத்திலேர்ந்து இருமல். பதினஞ்சு நிமிஷம் கொடு, திரும்ப ஊதறேன்."

"எல்லார் பையிலயும் ஒரு மருந்து இருக்கும்" என்றார் சைபர்.

"மச்சான், என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு. நான் குடிச்சிருக்கேனா?"

சைபர் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "உனக்கு ஒரு சட்டம், மத்தவனுக்கு ஒரு சட்டம் வைக்க முடியாது. எழுதும்மா."

நான் எழுதினேன். இரண்டாம் ஊதல் கட்டத்தில் கோடு போட்டேன். எனக்கு விதி தெரியும். சுவரில் என் தலைக்கு மேலேதான் ஒட்டியிருக்கிறது. மேலதிகாரி முன்னால் வாயைத் திறப்பானேன் என்று சும்மா இருந்தேன். அவரைப் பற்றி இவ்வளவு எழுதுகிறவள் இதையும் எழுதத்தான் வேண்டும்.

விசாரணையில் சைபர் சொன்னதே முடிவானது. பதிமூன்று வருடம் ஒரு சொட்டும் தொடாத மனிதர், சொந்த நண்பனுக்குக்கூட விட்டுக்கொடுக்காத நேர்மை என்று மேனேஜர் பாராட்டிப் பேசினார். நெட்டையின் கையிலிருந்து ஸ்டீரிங் போனது. பஸ் கழுவும் இடத்தில் ரப்பர் குழாயைக் கொடுத்தார்கள். அந்த உயரத்துக்குச் சீருடை கிடைக்காமல் முழங்காலுக்கு மேல் நிற்கும் ஒரு ரப்பர் அங்கியைப் போட்டுக்கொண்டு, தான் ஓட்டிய பஸ்ஸையே கழுவினார். சிவப்பு விழுந்த மறுநாள் காலையே ஜன்னல் விளிம்பில் டீ இல்லை. சைபர் ஜன்னலைச் சாத்தும்போது விளிம்பை ஒருமுறை பார்த்தார். நான் பார்த்ததை அவர் கவனிக்கவில்லை.

இப்படியே எட்டு மாதம் போனது.

ஒரு ஞாயிறு எங்கள் போதகர் ஊரில் இல்லை. வெளியிலிருந்து ஒரு போதகர் வந்திருந்தார். காலை ஆறு மணி ஆராதனை. திருவிருந்து முடிந்ததும், கிண்ணத்தில் மீதி இருந்த ரசத்தை வந்தவர் பாதி குடித்துவிட்டு, மீதியைக் குடித்து முடிக்கும்படி மூப்பரிடம் நீட்டினார். அவர் சபையில் அதுதான் முறையாம். அவருக்கு எதுவும் தெரியாது. எங்கள் சபை ரசம் நிஜமான திராட்சை மது, கொஞ்சம் பழசும்கூட.

சைபர் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். நூறு பேர் உட்கார்ந்திருந்தோம். "ஐயா, எனக்கு வேண்டாம்" என்று மூன்று சொல் போதும். எத்தனை ஓட்டுநர்களிடம், "வேணாம்னு சொல்ல வாய் இல்லையா உனக்கு?" என்று கேட்டிருக்கிறார்! அவருக்கு வாய் வரவில்லை. கிண்ணத்தை வாங்கி, அடியில் இருந்ததை இரண்டு சின்ன மடக்கில் குடித்துவிட்டார்.

ஆராதனை முடிந்ததும் இருவருக்கும் டிப்போவில் வேலை. இரண்டு தெரு தள்ளித்தான். வழக்கம்போல அவர் பத்தடி முன்னால் நடந்தார், நான் பின்னால். கூப்பிட்டு எதையாவது சொல்லலாம் என்று தோன்றியது. கூப்பிடவில்லை. ஏழு ஐந்துக்கு ஜன்னலைத் திறந்தார். வெளியே பதினோரு பேர். கருவியை எடுத்து, குழாயை மாட்டி, வழக்கம்போல ஊதினார். ரசம் காட்டிக்கொடுக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு வருடத்துச் சைபர் மேல் அவ்வளவு நம்பிக்கை.

கருவி கிறீச்சென்று கத்தியது. சிவப்பு.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. வெளியே யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான், உடனே நிறுத்திக்கொண்டான். நான் பாய்ந்து சொன்னேன்: "சார், வாயைக் கொப்பளிச்சுட்டுப் பதினஞ்சு நிமிஷம் உட்காருங்க. அது வாயில இருக்கறதுதான். விதி அப்படித்தான் சார்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் வராத வார்த்தை இப்போது எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் சுவரைப் பார்த்தார். விதியை முதல்முறை படிப்பவர் மாதிரி உதடு அசைய வாசித்தார். பிறகு கருவியை என் மேசையில் வைத்துவிட்டு, வெளியே போய், வாயைக் கொப்பளித்து, சிவப்பு விழுந்தவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். ஓட்டுநர்கள் பக்கத்தில் போகவில்லை, தள்ளி நின்றார்கள். அந்தப் பெஞ்சிலிருந்து பார்த்தால் கழுவும் இடம் நேராகத் தெரியும். நெட்டை ஒரு பஸ்ஸின் சக்கரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். சைபர் கால் மணி நேரமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களை நான் ஊத வைத்து அனுப்பினேன். பதினைந்து நிமிடம் இவ்வளவு நீளமானது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எழுந்து வந்து மறுபடி ஊதினார். பச்சை. மூன்று சைபர். "அப்பாடா" என்றேன். அவர் சத்தமாகச் சொல்லவில்லை.

"எழுதும்மா. முதல் ஊதல் சிவப்பு. ரெண்டாவது சைபர்."

"சார், உங்களுக்குப் பதிவேடே கிடையாதே. நீங்களா ஊதறதுதானே?"

"எழுது." எழுதினேன். எட்டு வருடத்தில் அந்தக் கட்டத்தில் நான் எழுதிய முதல் எண். "இப்ப அவனுக்குச் சிவப்பு விழுந்த பக்கத்தை எடு." எடுத்தேன். நான் போட்ட கோட்டைக் காட்டி, ஓரத்தில் தன் கையாலேயே எழுதினார்: 'இரண்டாம் ஊதல் கேட்டார். விதிப்படி கொடுக்க வேண்டியது. நான் கொடுக்கவில்லை.' கீழே கையெழுத்து. அதன் கீழே நான் பேனாவை வாங்கி, 'எனக்கும் தெரியும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் தடுக்கவில்லை.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு கழுவும் இடத்துக்கு நடந்தார். நானும் போனேன். நெட்டை குழாயை மூடவில்லை. அந்த இரைச்சலிலேயே சைபர் பேசினார்: "நான் அன்னிக்குச் சட்டத்தைப் பார்த்தேன்னு நினைச்சியா? இல்ல. நண்பனுக்கு விட்டுக் கொடுத்துட்டான்னு யாராவது சொல்லிடுவாங்களோன்னு பார்த்தேன். என் பேரைப் பார்த்தேன். இன்னிக்குக் கிண்ணத்தை வாங்கினதும் அதே பயத்துலதான்." நெட்டை சக்கரத்தைக் கழுவி முடித்து அடுத்த சக்கரத்துக்குப் போனார். சைபரின் ஞாயிற்றுக்கிழமைச் செருப்பு முழுக்க நனைந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். முடிந்து போனதை ஏன் கிளறுகிறீர்கள் என்றார். சைபர் பிடிவாதமாக நின்றார். எழுத்தில் கொடுத்தார். பதவி உயர்வு வரிசையில் அடுத்து இருந்த அவர் பெயரை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எங்கள் போதகர் திரும்பி வந்ததும் சைபர் மூப்பர் பதவியை விடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதை அவரே ஒருநாள் என்னிடம் சொன்னார். இப்போதெல்லாம் சில வார்த்தை பேசுகிறார். போதகர் கேட்டாராம்: "குடிச்சதுக்காகவா விடறீங்க?"

"இல்ல ஐயா. குடியை அடக்கிட்டேன்னு இத்தனை வருஷம் மத்தவங்களை அடக்கிட்டு இருந்தேன். அது எனக்குத் தெரியவே இல்ல. போதையில இருக்கறவனுக்குத் தெரியாதே."

போதகர், "ஆண்டவர் உங்க கையில கொடுத்தது உங்களை மட்டும்தான். அதையே ஒழுங்கா பிடிக்க ஒரு ஆயுசு வேணும். இருங்க, போகாதீங்க" என்றாராம். அடுத்த திருவிருந்தில் சைபர் தட்டைப் பிடிக்காமல் எங்களோடு வரிசையில் வந்தார். கிண்ணம் வந்தபோது, "எனக்கு வேண்டாம் ஐயா. நான் குடிகாரன், தொட்டா நிக்காது" என்று பக்கத்திலிருந்தவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார். யாரும் அவரைத் தின்றுவிடவில்லை.

நெட்டைக்கு ஸ்டீரிங் திரும்பக் கிடைத்தபோது ஓய்வுக்கு மூன்று மாதம்தான் பாக்கி. அவர் வரிசைக்கு வந்த முதல் காலை சைபர் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறதே என்று நான் கிண்டல் செய்தேன். ஜன்னல் விளிம்பை அவர் துணியால் இரண்டு முறை துடைத்தார். எதற்கு என்று எனக்குத் தெரியும். டம்ளர் வைக்க.

நெட்டையின் முறை வந்தது. குனிந்து ஊதினார். கையில் பிளாஸ்க் இருந்தது. கருவி பச்சை காட்டியது எனக்குத் தெரிந்தது. ஆனால் சைபர் கருவியைப் பார்க்கவே இல்லை. நிமிர்ந்து, நெட்டையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கேட்டபோது பார்க்காத முகம். அவர் கண் கலங்கியிருந்தது.

நெட்டையும் பார்த்தார். கோபமாக இல்லை. புதிதாக வந்த அதிகாரியைப் பார்ப்பது மாதிரி, மரியாதையாகப் பார்த்தார்.

"மெஷினைப் பாருங்க சார்" என்றார்.

சைபர் குனிந்து பார்த்தார். "சைபர்" என்றார். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. நெட்டை கையெழுத்துப் போட்டுவிட்டு, பிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். வரிசை முடிந்து எல்லா வண்டியும் கிளம்பிய பிறகு சைபர் குழாய்களைக் குப்பையில் போட்டார், கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார், நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முப்பது வருஷத்துல அவன் என்னை சார்னு கூப்பிட்டது இதான் முதல் தடவை" என்றார்.

நான் இரண்டு டீ வாங்கி வந்தேன். ஒன்றை அவர் மேசையில் வைத்தேன். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். டீ ஆறும்வரை அவர் அதைத் தொடவில்லை. ஆறிய டீதான் அவருக்குப் பழக்கம்.